வீட்டில் கலக்கும் வேப் திரவத்துக்குப் பழைய போத்தல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரித்தானியாவில் சிகரெட்டை விட்டு மின் சிகரெட்டான வேப்புக்கு மாறிய எங்கள் ஆட்களில் சிலர், கடைத் திரவத்தின் விலை கட்டாமல் வீட்டிலேயே கலக்கிறார்கள். 2026 ஒக்டோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மில்லிலீற்றருக்கும் 2.20 பவுண் தனி வரி என்று 2024 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது முதல் இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. எதை எவ்வளவு கலப்பது என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். காலியான போத்தலை என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு கதை. இந்தப் பக்கம் அதைப் பற்றியது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் சிகரெட்டே பிடிக்காதவர்களுக்கும் இதில் வேலை இல்லை.

ஒரே வரியில் சொல்லுங்கள்: கழுவித் திரும்பப் பாவிக்கலாமா?

கண்ணாடி என்றால் தாராளமாக. பிளாஸ்டிக் என்றால் அதே சுவையை மறுபடி ஊற்றுவதற்கு மட்டும், அதுவும் ஓரிரு தடவை. குழந்தைப் பூட்டு மூடி பழுதாகியிருந்தால் எந்தப் போத்தலும் வேண்டாம்.

இந்த மூன்றாவதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. போத்தலின் உள்ளே எவ்வளவு சுத்தம் என்று மணிக்கணக்கில் கதைப்பார்கள். வெளியே லேபிள் இல்லை, மூடி பூட்டுதில்லை என்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். சுத்தமில்லாத போத்தலால் வழக்கமாக வரும் நட்டம், திரவம் வாயில் வைக்க முடியாமல் போவது. பூட்டாத மூடியால் வரக்கூடியது அதைவிடப் பெரியது.

கிருமி இருக்காதா? குழந்தைப் பால் போத்தல் மாதிரி கிருமிநீக்கம் செய்ய வேண்டாமா?

தேவையில்லை. வேப் திரவத்தின் பெரும்பகுதி இரண்டே பொருட்கள்: புரொப்பிலீன் கிளைக்கோல், காய்கறியிலிருந்து எடுக்கும் கிளிசரின். கடையில் பீஜி, வீஜி என்பார்கள். இரண்டும் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்பவை. கிருமிக்கு வளரத் தேவையான தண்ணீர் அதற்குக் கிடைக்காது. இனிப்பாக இருந்தாலும் சீனிப் பாகு கெடாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

அதனால் மில்டன் வில்லை, பிளீச் போன்ற குளோரின் சாமான்களை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். பயனும் குறைவு, மணமும் தங்கும். ஆனால் ஒன்று: கழுவிய போத்தலை ஈரத்தோடு மூடி அலுமாரியில் வைத்துவிட்டால், அந்தத் தண்ணீரில் எதுவும் வளரலாம். கிருமிப் பிரச்சினை வருமென்றால் அந்த வழியாகத்தான் வரும், திரவத்தால் அல்ல.

என் போத்தல் என்ன பிளாஸ்டிக் என்று எப்படி அறிவது?

அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும்.

1 என்றால் பெட். கண்ணாடி போலத் தெளிவாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். 60, 120 மில்லிலீற்றர் ஷோர்ட்ஃபில் போத்தல்களில் (நிக்கொட்டின் பிறகு சேர்க்க மேலே இடம் விட்டு விற்பவை) பெரும்பாலானவை இது. மணத்தையும் காற்றையும் ஓரளவு நன்றாகவே தடுக்கும், ஆனால் சூடு ஆகாது. ஏறக்குறைய 70 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். 4 என்றால் அடர்த்தி குறைந்த பொலித்தீன். பால் நிறத்தில், இரண்டு விரலால் நசுக்கக்கூடிய 10 மில்லிலீற்றர் போத்தல்கள் பல இதில்தான் வருகின்றன. நசுக்க வசதி. ஆனால் சுவைப் பொருட்களின் மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் இதை மிஞ்ச ஆளில்லை. காற்றும் மெல்ல உள்ளே போகும், ஆகவே மாதக்கணக்கில் வைக்க உதவாது. 2, 5 இரண்டும் கொஞ்சம் உறுதியானவை. 5 என்ற எண்ணுள்ளது கொதிநீரையும் தாங்கும்.

6 என்ற எண் தெரிந்தால் தொடவே வேண்டாம். அது பொலிஸ்டைரீன். தோடம்பழம், எலுமிச்சை போன்ற புளிப்புப் பழச் சுவைகள் அதை வெடிப்பு விழவைக்கும். சில பழைய வேப் தாங்கிகள் இதே சுவைகள் பட்டு வெடிப்பு விழுந்தது இதைக் கலப்பவர்களுக்குப் பழைய கதை.

சரி, எப்படித்தான் கழுவுவது?

முதலில் கழற்றுங்கள். மூடி, அதற்குள் இருக்கும் சொட்டு முனை, கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் முத்திரை வளையம், எல்லாவற்றையும் தனித்தனியாக. சொட்டு முனையைக் கழற்றப் பல்லைப் பாவிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நிக்கொட்டின் பூசிய சாமானை வாயில் வைப்பது நல்ல யோசனை இல்லை. தட்டையான கரண்டிக் காம்பால் பக்கவாட்டில் நெம்பினால் கழன்றுவிடும். கையுறை போடுங்கள். சமையல் சாமான் இருக்கும் பேசினில் செய்யாமல் இருப்பது நல்லது. செய்தால் பேசினைக் கழுவிவிடுங்கள்.

பீஜியும் வீஜியும் தண்ணீரில் முழுதாகக் கரையும். எண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்காது. வீஜி தடிப்பாக இருப்பதால் குளிர்ந்த தண்ணீரில் மெல்லத்தான் கரையும், ஆகவே கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுங்கள். போத்தலில் பாதி ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி ஊற்றிவிடுங்கள். இப்படி இரண்டு, மூன்று தடவை செய்த பிறகுதான் சவர்க்காரம். மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுப் போதும். எலுமிச்சை மணம் போட்டதை எடுத்தால், போத்தலில் பழைய சுவை போய் அந்த எலுமிச்சை குடியேறிவிடும். பிறகு நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள்.

சொட்டு முனையின் துளை மிகச் சின்னது. அதற்குள் தண்ணீர் தானாகப் போகாது. திரவம் அளக்க வைத்திருக்கும் ஊசியில்லாத சிரிஞ்சில் சுடுதண்ணீரை எடுத்து முனைக்குள் அழுத்தி விடுங்கள். அதுதான் ஒழுங்காகக் கழுவும் ஒரே வழி. முனைகள் தனியாகவும் விற்பார்கள், மலிவு. நான் முனையைக் கழுவுவதே இல்லை, மாற்றிவிடுவேன்.

லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் குழாய்த் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு, காய்ந்த போத்தலிலும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் கனிமம் நீக்கிய தண்ணீர் பாவியுங்கள். கார்ச் சாமான் கடையில் கிடைக்கும். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களில் பலருக்கு இந்தத் தலையிடி இல்லை. அங்கே தண்ணீர் மென்மை.

பிறகு காயவிடுவது. கழுவுவதைவிட இதற்குத்தான் பொறுமை வேண்டும். கழுத்து ஒடுங்கிய போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் தோளில் தங்கும். முதலில் கவிழ்த்து வடியவிட்டு, பிறகு நிமிர்த்தி வாய் திறந்தபடி ஒரு முழு நாள் விடுங்கள். துவாய், கடுதாசித் துண்டு எதையும் உள்ளே திணிக்க வேண்டாம், நார் தங்கும்.

கொதிதண்ணீர் ஊற்றினால் வேலை சுருக்கமாக முடியாதா? டிஷ்வாஷர்?

கண்ணாடிக்குச் சரி, ஆனால் குளிர்ந்த போத்தலில் கொதிநீரைச் சட்டென்று ஊற்றினால் வெடிக்கும். முதலில் சுடுதண்ணீரால் சூடாக்கிவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். பெட் போத்தல் சுருங்கிக் கோணலாகும். பொலித்தீன் உருகாது, ஆனால் இளகி வடிவம் மாறும், கழுத்து ஒரு மயிரிழை வளைந்தாலும் மூடி சரியாக உட்காராது.

டிஷ்வாஷரில் சின்னப் போத்தல்கள் பறந்து திரியும், வாய் கீழே பார்க்காது, முடிவில் அழுக்குத் தண்ணீர் நிரம்பி நிற்கும். அதோடு குடும்பம் சாப்பிடும் பீங்கான்களோடு நிக்கொட்டின் போத்தலைச் சேர்த்துப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

எவ்வளவு கழுவியும் மணம் போகவில்லை. என்ன செய்வது?

போகாது. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் இருப்பதைத்தான் தண்ணீர் எடுக்கும். மெந்தோல், பெருஞ்சீரக மணம் தரும் அனிஸ், கறுவா, புதினா எல்லாம் பிளாஸ்டிக்கின் உடம்புக்குள்ளேயே ஊறிவிடுகின்றன. நீங்கள் கழுவி முடித்த பிறகு அவை மெதுவாக வெளியே வந்து புதுத் திரவத்தில் கலக்கும். சமையல் சோடா, வினாகிரி என்று பலரும் சொல்வார்கள். வினாகிரி சுண்ணாம்புக் கறையை எடுக்கும். மெந்தோலை எடுக்காது, கூடவே தன் மணத்தையும் விட்டுவிட்டுப் போகும்.

ஆகவே மெந்தோல் போத்தல் என்றைக்கும் மெந்தோல் போத்தல். அதில் மறுபடி மெந்தோலையே ஊற்றுங்கள், அல்லது எறிந்துவிடுங்கள். வனிலா, கஸ்டர்ட் மாதிரி மென்மையான சுவையை அதில் ஊற்றினால் இரண்டும் கெட்டதாகிவிடும். கண்ணாடியில் இந்தத் தொல்லை இல்லை. மணம் இருந்தால் அது மூடிக்குள் இருக்கும் வட்டத் தட்டிலோ, துளிக்குழாயின் ரப்பர் குமிழிலோ இருக்கும். அதை மாற்றினால் முடிந்தது கதை.

மதுசாரம் ஊற்றி அலசலாமா?

விரும்பினால். 99 வீத ஐசோபுரொப்பைல் மதுசாரத்தில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினால் மிச்ச ஈரத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகும். தண்ணீரில் அடங்காத சில சுவைப் பிசுக்கையும் எடுக்கும். மணம் துளியும் இல்லாமல் போகும்வரை திறந்து வைக்க வேண்டும். அதுவரை அடுப்பு, மெழுகுதிரி, சாமி விளக்கு எதற்கும் பக்கத்தில் வேண்டாம். காய வைக்க ஓவனுக்குள் தள்ளுவது தீயை வெற்றிலை வைத்து அழைப்பதுதான். நிலைக்கண்ணாடி துடைக்கும் திரவம், கைச் சுத்திகரிப்பு ஜெல் இரண்டும் இதற்கு மாற்று அல்ல. அவற்றில் வேறு பல சாமான்கள் இருக்கின்றன.

மூடியில் அப்படி என்ன இருக்கிறது?

அழுத்தித் திருப்பினால் மட்டும் திறக்கும் மூடி உண்மையில் இரண்டு மூடிகள், ஒன்றுக்குள் ஒன்று. வெளி மூடி சும்மா சுற்றும், டிக் டிக் என்று சத்தம் போடும். அழுத்தும்போதுதான் அதன் பற்கள் உள் மூடியின் பற்களைப் பிடித்துத் திருப்பும். இந்த வகை மூடிகளைச் சோதிக்க ஐஎஸ்ஓ 8317 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. பிரித்தானியாவில் 2016ஆம் ஆண்டுப் புகையிலை விதிகளின்படி, நிக்கொட்டின் உள்ள திரவம் விற்கும் போத்தலுக்குக் குழந்தைப் பூட்டு கட்டாயம்.

கழுவும்போது இந்த இரண்டு மூடிகளுக்கும் இடையில் தண்ணீரும் பழைய திரவமும் மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. போத்தலைப் பூட்டும்போது அது கழுத்தில் வடியும். மூடியைத் தண்ணீருக்குள் அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டுக் கழுவுங்கள். கையால் உதறி, போத்தலைவிட ஒரு நாள் கூட விடுங்கள். பிசுக்கு ஏறிய மூடியில் பற்கள் எப்போதும் பிடித்தபடி நின்றுவிடும். சூட்டில் வளைந்த மூடியிலும் அப்படியே. அப்போது அழுத்தாமலே திறக்கும், பூட்டு போய்விட்டது என்று அர்த்தம்.

சோதிப்பது சுலபம். மூடியை இறுக்கிவிட்டு, அழுத்தாமல் திருப்புங்கள். சுற்றிக்கொண்டே சத்தம் போட்டால் நல்லது. கழன்றால் மூடி குப்பைக்கு. நிரப்பும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள், இரண்டு செக்கன் வேலை.

ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடித் துளிக்குழாய் மூடிகள் அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் பல பூட்டில்லாதவை. போத்தலைப் படுக்க வைத்தால் திரவம் ரப்பரில் பட்டு, அது வீங்கிப் பிசுபிசுக்கும். சேமித்து வைக்கச் சாதாரணப் பூட்டு மூடியைப் போடுங்கள், துளிக்குழாயைத் தனியே வைத்துத் தேவைக்கு எடுங்கள்.

பழைய லேபிளின் பசையை எப்படி எடுப்பது?

சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கடுதாசியை உரித்தெடுத்து, மிச்சப் பசையில் தேங்காய் எண்ணெய் பூசிக் கால் மணி நேரம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும். இதைப் போத்தல் மூடியிருக்கும்போது, உள்ளே கழுவுவதற்கு முன்னால் செய்யுங்கள். எந்த எண்ணெயும் உள்ளே போகக்கூடாது. எண்ணெயை ஆவியாக்கி இழுத்தால் நுரையீரலில் தங்கி அழற்சி வரும்.

உரித்த இடத்தில் உடனே புது லேபிள் ஒட்டுங்கள்: என்ன சுவை, மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் நிக்கொட்டின், கலந்த திகதி. மார்க்கர் பேனாவால் நேரே பிளாஸ்டிக்கில் எழுதினால் பீஜி பட்டதும் அழிந்துவிடும். கடுதாசி ஒட்டி, மேலே தெளிந்த டேப் சுற்றினால் நிற்கும். சில கடைப் போத்தல்களில் விரலுக்குத் தட்டுப்படும் சின்ன முக்கோணம் இருக்கும். அது கண் தெரியாதவர்களுக்கான ஆபத்து அடையாளம். நிக்கொட்டின் ஊற்றப்போகும் போத்தல் என்றால் அதை விட்டுவையுங்கள்.

வீட்டில் இருமல் மருந்துப் போத்தல், எசன்ஸ் போத்தல், கண் மருந்துப் போத்தல் எல்லாம் கிடக்கின்றன. அவற்றை எடுக்கலாமா?

வேண்டாம். எங்கள் வீடுகளில் எதையும் எறியும் வழக்கம் இல்லை. ஹோர்லிக்ஸ் போத்தலில் பருப்பும் ஐஸ்கிறீம் பெட்டியில் மிளகாய்த்தூளும் இருக்கும். அது நல்ல பழக்கந்தான், இந்த ஒரு சாமானைத் தவிர. அம்மம்மா இரவில் விளக்குப் போடாமல் எழும்பி மருந்துப் போத்தலைத் தேடும் வீட்டில், மருந்துப் போத்தலில் நிக்கொட்டின் இருக்கக்கூடாது. வேப் திரவத்தைக் கண் துளி மருந்தென்று நினைத்துக் கண்ணில் விட்டுக் காயப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களிலேயே பதிவு இருக்கிறது.

எசன்ஸ் போத்தலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சமையல் எசன்ஸ்களில் சில எண்ணெயில் கரைத்தவை, ஏன் வேண்டாம் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அந்த எசன்ஸைத் திரவத்தில் கலப்பதும் கூடாது.

காலிப் போத்தலில் மிஞ்சுவது ஒரு சொட்டுத்தானே, அதில் என்ன வந்துவிடும்?

ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர். மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்ற பிரித்தானிய உச்ச அளவில் அதில் 1 மில்லிகிராம் நிக்கொட்டின் இருக்கும், ஒரு சிகரெட் பிடித்தால் உடம்பில் சேர்வது ஏறக்குறைய அவ்வளவுதான். பெரிய ஆளுக்கு ஒன்றுமில்லை. தவழும் பிள்ளைக்கு அப்படியில்லை. சுவரில் ஒட்டியிருப்பதையும் சேர்த்தால் அது ஒரு சொட்டோடு நிற்பதும் இல்லை.

2016 விதிகள் வருவதற்கு முன் வாங்கிய 72 மில்லிகிராம் அடர் நிக்கொட்டினை ஃபிரீசரில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் ஒரு சொட்டு 3.6 மில்லிகிராம். அந்தப் போத்தலைக் கழுவி வேறு எதற்கும் எடுக்க வேண்டாம்.

தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள், உடுப்பில் ஊறியிருந்தால் கழற்றுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே 111க்கு அழையுங்கள். வாந்தி, வீணி வடிதல், முகம் வெளுத்தல், சோர்வு, வலிப்பு எது தெரிந்தாலும் 999. போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். இதற்காகத்தான் லேபிளில் மில்லிகிராமை எழுதச் சொன்னேன்.

கழுவிய போத்தலில் ஊற்றிய திரவம் பழுப்பாகிவிட்டது. அழுக்கா?

அநேகமாக இல்லை. நிக்கொட்டின் காற்றும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். வனிலாச் சுவைகளும் நிறத்தைக் கூட்டும். போத்தலைப் பாதி நிரப்பி வைத்தால் உள்ளே காற்று அதிகம், நிறமும் சீக்கிரம் மாறும். பழுப்பு நிறக் கண்ணாடிப் போத்தலைக் கழுத்துவரை நிரப்பி, இருட்டில் வையுங்கள். ஆனால் கலங்கலாக இருந்தாலோ, உள்ளே ஏதாவது மிதந்தாலோ, மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ அது நிறமாற்றம் அல்ல. அதைப் பாவிக்க வேண்டாம்.

நண்பர் கேட்கிறார், கழுவிய போத்தலில் நிரப்பி விற்கலாமா?

கூடாது. நிக்கொட்டின் திரவத்தை விற்பதென்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். போத்தல் 10 மில்லிலீற்றருக்கு மேல் போகக்கூடாது, மூடியும் லேபிளும் விதிப்படி இருக்க வேண்டும். சும்மா கொடுப்பதையும் நான் செய்வதில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எது எட்டும் என்று எனக்குத் தெரியாது.

ஊருக்குப் போகும்போது கொண்டு போகலாமா?

இந்தியாவுக்கு என்றால் காலிப் போத்தலைக்கூட விட்டுவிட்டுப் போங்கள். 2019 முதல் அங்கே மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாம் தடை. இறக்குமதிக்கு முதல் தடவையே ஓராண்டுவரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாவரை தண்டம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம்.

இனிப் பாவிக்க முடியாத போத்தலை எங்கே போடுவது?

மிச்சத் திரவத்தை, முக்கியமாக அடர் நிக்கொட்டினை, பேசினில் ஊற்ற வேண்டாம். கவுன்சிலின் குப்பை மீள்சுழற்சி நிலையத்தில் ஆபத்தான வீட்டுக் கழிவாக எடுப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள். அலசிய பெரிய பெட் போத்தல்களை வழக்கமான பிளாஸ்டிக் தொட்டியில் போடலாம். 10 மில்லிலீற்றர் சின்னவை தரம்பிரிக்கும் இயந்திரத்தின் சல்லடையில் விழுந்துவிடும், ஆகவே அவற்றை வேப் கடைகளில் திருப்பி எடுக்கும் பெட்டி இருந்தால் அங்கே கொடுங்கள். மூடியைப் பூட்டிப் போடுங்கள், லேபிளை உரிக்காமல்.